இணையச் சந்தையில் தகவல்படம்: சிறு வணிகருக்கு ஒரு பாடம்

பெங்களூருவில் நான் பணியாற்றிய கிளையில், முத்ரா கடன் பெற்றுக் கேழ்வரகு மாவு அரைத்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலை அவருடைய விளம்பரப் படம் ஒன்று என் கைப்பேசிக்கு வந்தது. இடப்புறம் அரிசியைக் குறிக்கும் சிறு குவளை. வலப்புறம் கேழ்வரகைக் குறிக்கும் பெருங்குவளை. அதன் அடியில், "50 மடங்கு கால்சியம்! எலும்புத் தேய்மானம் இனி இல்லை!" என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. படம் கண்ணைக் கவர்ந்தது. நானும் பாராட்டி, நண்பர்கள் சிலருக்கு அதை அனுப்பி வைத்தேன்.

பத்து நாட்கள் கழித்து அந்த அம்மையார் நேரில் வந்தார். முகத்தில் மகிழ்ச்சியில்லை. கைப்பேசியைத் திறந்து, முதிய வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்த செய்தியைக் காட்டினார். "அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் மாவில் கஞ்சி வைத்துக் குடிக்கலாமா? ஒரு கிண்ணத்தில் எவ்வளவு கால்சியம் இருக்கும்?"

"சார், இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? ஒரு கிண்ணத்தில் எவ்வளவு என்று எனக்கே தெரியாதே" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் அந்தப் படம் வரையப்பட்டிருக்க வேண்டும். ஆனால் படத்தில் விடையில்லை. வியப்பு மட்டுமே இருந்தது. இன்று சிறு வணிகர் பலரும் தம் பொருளை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பிற இணையத் தளங்களிலும் விற்கின்றனர். அவர்களுக்குத் தகவல்படம் மலிவானதும் ஆற்றல் மிக்கதுமான கருவி. அதைப் பயன்படுத்தும் முறையை, அந்த அம்மையாரின் படத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிப்படியாகக் காண்போம்.

தகவல்படம் என்பது யாது?

எண்களையும் செய்திகளையும் ஒரே பார்வையில் விளங்கும்படி கோடு, வடிவம், நிறம், குறுஞ்சொல் ஆகியவற்றால் அமைத்துக் காட்டுவதே தகவல்படம். ஆங்கிலத்தில் இதனை இன்ஃபோகிராஃபிக் என்பர். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான்.

1951-52இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். எழுத்தைப் படிக்க இயலாத கோடிக்கணக்கான மக்கள், சின்னத்தைப் பார்த்துத் தாம் விரும்பியவரைத் தேர்ந்தெடுத்தனர். உணவுப் பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதை எம்மொழியினருக்கும் சொல்லிவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரச் சீட்டு 2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நட்சத்திரம் மிகுந்தால் மின்செலவு குறையும் என்பதை அறிய எவரும் கையேட்டைப் புரட்டுவதில்லை. இவையெல்லாம் சிறந்த தகவல்படங்களே. இவற்றில் பொதுவாக அமைந்திருப்பது ஒன்று: ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்கு விடை தருகிறது.

வணிகவியல் பயின்றவர்களுக்கு மற்றொரு செய்தியும் சுவை பயக்கும். இன்று நாம் பயன்படுத்தும் பட்டை வரைபடத்தையும் கோட்டு வரைபடத்தையும் 1786இல் நூல் வடிவில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். அவர் அந்நூலில் வரைந்து காட்டியவை பெரும்பாலும் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளே. வட்ட வரைபடத்தையும் அவரே 1801இல் வெளியிட்டார். ஆகவே, வரைபடக் கலை வணிகக் கணக்கோடு சேர்ந்தே வளர்ந்தது என்று கூறலாம். கணக்குக்கு உரிய ஒழுங்கு படத்துக்கும் உண்டு. ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு அதன் நிலையைப் பற்றி உண்மையும் நேர்மையுமான தோற்றத்தைத் தர வேண்டும் என்று தணிக்கையாளர் எதிர்பார்க்கிறார். விளம்பரத் தகவல்படத்தையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதற்படி: வாடிக்கையாளரின் கேள்வியைக் கண்டறிதல்

படம் வரைவதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களிலேயே அவை கிடைக்கும். எக்கேள்வி பலமுறை வருகிறதோ, அதற்கே முதற்படம். அந்த அம்மையார் எழுதிப் பார்த்தபோது நான்கு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன: ஒரு வேளைக்கு எவ்வளவு மாவு தேவை? அதில் என்ன சத்து உள்ளது? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? எங்கள் பகுதிக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகும்?

நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே படம் வரையலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கைப்பேசித் திரை சிறிது. பார்ப்பவரின் பொறுமை அதனினும் சிறிது. ஒரு படத்துக்கு ஒரு கேள்வியே போதும். நான்கு கேள்விகளுக்கு நான்கு படங்கள் வரைந்து, வாரம் ஒன்றாக வெளியிட்டால் ஒரு மாதத்துக்குரிய விளம்பரமும் ஆயிற்று.

இரண்டாம் படி: எண்ணைச் சரிபார்த்தல்

"50 மடங்கு" என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். படம் வரைந்து கொடுத்த இளைஞர் இணையத்தில் எங்கோ கண்டு எழுதியதாகச் சொன்னார். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை இருவரும் எடுத்துப் பார்த்தோம். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 48 மடங்குக்கு மேல் வருகிறது. ஆக, எண் பெரும்பாலும் சரியே.

ஆயினும் அந்த எண் பயனற்றது. அரிசியைக் கால்சியத்துக்காக எவரும் உண்பதில்லை. எனவே அந்த ஒப்பீடு பெரிய எண்ணைத் தருகிறதே தவிர, பயனுள்ள செய்தி எதையும் தருவதில்லை. முதியவர் கேட்டது ஒரு கிண்ணக் கஞ்சியைப் பற்றி. ஒரு கிண்ணத்துக்கு 30 கிராம் மாவு எனக் கொண்டால் கிடைப்பது சுமார் 109 மில்லிகிராம். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அவ்வாறாயின் ஒரு கிண்ணக் கஞ்சி அன்றாடத் தேவையில் நூற்றுக்கு 11 பங்கைத் தருகிறது. உண்ணும் கால்சியம் முழுவதையும் உடல் ஏற்றுக்கொள்வதும் இல்லை. இது நல்ல உணவுதான். ஆனால் மருத்துவர் தந்த மாத்திரைக்கு மாற்றாகாது.

இதிலிருந்து மூன்று விதிகளைக் கொள்ளலாம். எண் எங்கிருந்து பெறப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படத்தின் அடியில் அதை எழுதவும் வேண்டும். எண்ணை வாடிக்கையாளர் பயன்படுத்தும் அளவில் சொல்ல வேண்டும்: 100 கிராமுக்கு அன்று, ஒரு கிண்ணத்துக்கு. அட்டவணையில் உள்ளது பொதுவான சராசரி. "எங்கள் மாவில் இவ்வளவு" என்று சொல்ல விரும்பினால், உங்கள் சரக்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பின்னரே சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

செய்தியின் இயல்புக்கு ஏற்பவே வடிவம் அமைய வேண்டும். இரண்டு மூன்று பொருள்களை ஒப்பிடுவதற்குப் பட்டை வரைபடம் ஏற்றது. மாதந்தோறும் ஆண்டுதோறும் நிகழும் மாற்றத்தைக் காட்டக் கோட்டு வரைபடம் உதவும். முழுமையில் ஒரு பகுதி எவ்வளவு என்று காட்ட வட்டத்தையோ நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தையோ பயன்படுத்தலாம். ஆனால் வட்டத்தை ஐந்து துண்டுகளுக்கு மேல் பிரித்தால் கண் தடுமாறும். செய்முறையை விளக்க எண்ணிட்ட படிகளே போதும். எந்தப் பகுதிக்கு எத்தனை நாளில் பொருள் சென்று சேரும் என்பதைச் சொல்ல எளிய நிலப்படம் போதுமானது.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, வரையும்போது நேரும் இரண்டு பிழைகளை அறிந்து விலக்க வேண்டும். பெரும்பாலோர் இவற்றை அறியாமலே செய்கின்றனர்.

முதலாவது, உருவத்தைப் பெருக்கும் பிழை. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 31 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கேழ்வரகில் அது ஏறத்தாழ 12 மடங்கு. இதைக் காட்ட ஒரு குவளையை 12 மடங்கு உயரமாக்கும்போது, உருவம் கெடாதிருக்க அகலத்தையும் 12 மடங்காக்கிவிடுகிறோம். அப்போது திரையில் அது பிடிக்கும் பரப்பு 144 மடங்காகிறது. எழுத்து 12 என்கிறது. கண்ணோ 144 என்று கொள்கிறது. இதற்குப் பரிகாரம் எளிது. அகலம் மாறாத பட்டைகளை வரையுங்கள்; அல்லது ஒரே அளவுள்ள சிறு குவளைகளை 1, 12 என்று எண்ணி அடுக்குங்கள்.

இரண்டாவது, அடிக்கோட்டை வெட்டும் பிழை. பட்டை வரைபடத்தின் அடிக்கோடு சுழியத்தில் தொடங்க வேண்டும். 100 கிராம் அரிசியில் 7.94 கிராம் புரதம், கேழ்வரகில் 7.16 கிராம். வேறுபாடு சிறிது. ஆனால் அடிக்கோட்டை 7இல் தொடங்கி வரைந்தால், அரிசியின் பட்டை 0.94 அளவும் கேழ்வரகின் பட்டை 0.16 அளவுமே தெரியும். அரிசியில் ஏறக்குறைய ஆறு மடங்கு புரதம் இருப்பதுபோல் தோன்றும். போட்டியாளர் ஒருவர் உங்கள் பொருளுக்கு எதிராக இப்படி வரைந்தால் எவ்வளவு வருந்துவீர்கள்? அந்த வருத்தத்தை நாம் பிறருக்கும் அளிக்கலாகாது. நம் வாடிக்கையாளருக்கு அறவே அளிக்கலாகாது.

நான்காம் படி: கைப்பேசிக்கு ஏற்ப அமைத்தல்

பெரும்பாலான வாடிக்கையாளர் படத்தைக் கைப்பேசியிலேயே காண்கின்றனர். ஆகையால் 1,080 புள்ளி அகலமும் அதே உயரமும் கொண்ட சதுரப் படம் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1,080 அகலமும் 1,920 உயரமும் கொண்ட நெடும்படம் பொருந்தும். வரைந்து முடித்ததும் உங்கள் கைப்பேசிக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவரிடமும் காட்டுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் எழுத்து சிறிது என்று பொருள்.

நிறத்தை மட்டுமே நம்பி வேறுபாடு காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே உள்ளனர். உணவுப் பொட்டலங்களில் அசைவத்தைக் குறித்த பழுப்பு வட்டத்துக்குப் பதிலாக இப்போது பழுப்பு முக்கோணம் வந்திருக்கிறது. சைவக் குறியிலிருந்து அது நிறத்தால் மட்டுமன்றி வடிவத்தாலும் வேறுபடுகிறது. உங்கள் படத்திலும் நிறத்தோடு ஒரு சொல்லோ வடிவமோ சேர்ந்திருக்கட்டும்.

படத்துக்குள் எழுதியதையே படத்தின் கீழும் இரண்டு மூன்று வரிகளாகத் தட்டச்சுச் செய்யுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அவ்வரிகளைப் படித்துச் சொல்லும். இணையத் தேடலிலும் உங்கள் பொருள் எளிதில் அகப்படும். கன்னடம், இந்தி, தமிழ் எனப் பல மொழியினர் வாங்கும் நகரமாயின், ஒரே படத்தில் மூன்று மொழிகளைத் திணிக்காமல், மொழிக்கொரு படமாக அமைப்பதே நன்று. படம் மாறுவதில்லை, சொற்களே மாறுகின்றன. ஆதலால் கூடுதல் செலவு மிகக் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

"வீட்டிலிருந்து விற்கிறேன், எனக்கு விளம்பரச் சட்டம் எதற்கு?" என்று எண்ணுவோர் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சிறு வணிகருக்கும் பொருந்தும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக, 2020இல் நிறுவப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 2022இல் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளக்கக் குறிப்பு விளம்பர வாசகத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். வாசகத்துக்கு முரணாகவும் இருக்கலாகாது. தமிழில் புகழ்ந்துவிட்டு, நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவது பிழை.

உணவுப் பொருள் விற்போருக்கு இன்னொரு விதியும் உண்டு. உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள், உணவு நோயைத் தீர்க்கும் என்று உரிமை கோருவதைத் தடை செய்கின்றன. "எலும்புத் தேய்மானம் இனி இல்லை" என்னும் ஒரு வரி அந்த அம்மையாரின் உரிமத்துக்கும், அதை நம்பிப் பெற்ற கடனுக்கும் இடர் விளைவித்திருக்கக்கூடும். அதைவிடப் பெரிது, ஒரு முதியவர் தம் மருந்தை நிறுத்தியிருக்கக்கூடும் என்பது.

செலவும் வரவும்

தகவல்படம் அழகுப் பொருளன்று, வணிகச் செலவு. எனவே அதற்கும் கணக்கு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். படம் வரைய ரூ. 1,500; அதை இணையத்தில் விளம்பரமாகக் காட்ட ரூ. 2,500, ஆக மொத்தம் ரூ. 4,000. மாவுப் பொட்டலம் ஒன்றின் விலை ரூ. 120. தானியம், அரைப்புக் கூலி, உறை, அனுப்பும் செலவு ஆகியன சேர்ந்து ரூ. 80. பொட்டலத்துக்கு மிஞ்சுவது ரூ. 40. அப்படியானால், இப்படத்தின் வாயிலாக 100 பொட்டலங்கள் கூடுதலாக விற்றால்தான் செலவு மீளும். அதுவே இலாப நட்டமற்ற புள்ளி. அதற்குப் பின் விற்பதே ஆதாயம்.

எந்தப் படத்தினால் விற்பனை நிகழ்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? ஒவ்வொரு படத்திலும் ஒரு தனிச் சொல்லைக் குறிப்பிட்டு, "வாங்கும்போது இச்சொல்லை எழுதுங்கள்" என்று கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: படம், விசாரித்தவர், வாங்கியவர், மறுமுறை வாங்கியவர். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை மனத்துக்கு இதமளிக்கும். ஆனால் கடன் தவணையைக் கட்ட உதவுவது மூன்றாவது, நான்காவது கட்டங்களே. சிறு வணிகரை நிலைநிறுத்துபவர் மறுமுறை வாங்குபவர். மிகைப்படுத்திய படம் ஒருவரை முதன்முறை வரவழைக்கலாம், மறுமுறை வரவழைக்காது.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல்

விளம்பரப் படத்தில் பணம் பெறுவதற்கான கியூஆர் குறியீட்டைச் சேர்ப்போர் பலர். அப்படத்தை வேறொருவர் எடுத்து, குறியீட்டை மட்டும் மாற்றிப் பரப்ப இடமுண்டு. எனவே விளம்பரப் படத்தில் குறியீட்டைத் தவிர்த்து, பொருளை உறுதி செய்த பின் வாடிக்கையாளருக்குத் தனியே அனுப்புங்கள். பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாங்குவதாகக் கூறி எவரேனும் உங்களுக்கு ஒரு குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் வரும்" என்றால் நம்ப வேண்டாம். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைப்பதோடு உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். உங்கள் கடையின் பெயரையும் வெளியிட்ட மாதத்தையும் படத்தின் ஓரத்தில் பொறிப்பதும் நல்ல வழக்கம். பழைய விலையைக் காட்டி எவரும் வழக்காட இயலாது.

மீண்டும் அந்த அம்மையாரிடம்

அவர் முதலில் செய்தது, அந்த முதியவருக்கு மறுமொழி எழுதியது: "ஐயா, மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒரு கிண்ணக் கஞ்சியில் சுமார் 109 மில்லிகிராம்தான் இருக்கும். மாற்றம் எதுவாயினும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்."

அடுத்துப் பழைய படத்தை நீக்கினார். புதிய படத்தில் பெருங்குவளை இல்லை. நூறு சிறு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். அதில் பதினொரு கட்டங்களில் மட்டும் கேழ்வரகின் செந்நிறம். மேலே, "ஒரு கிண்ணக் கஞ்சி உங்கள் ஒரு நாள் கால்சியத் தேவையில் எவ்வளவு?" என்னும் கேள்வி. கீழே அளவும், எண் பெறப்பட்ட இடமும், மருந்துக்கு மாற்றன்று என்னும் குறிப்பும் ஒரே அளவான எழுத்தில். அவ்வளவே.

விற்பனை ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. ஆனால் சில வாரங்களில், படத்தில் உள்ளதையே மீண்டும் கேட்கும் செய்திகள் குறைந்தன; மறுமுறை வாங்குவோருக்கான கட்டம் மெல்ல நிரம்பலாயிற்று. அந்த முதியவர் மாத்திரையையும் நிறுத்தவில்லை, மாவையும் நிறுத்தவில்லை.

எனக்கும் ஒரு கடமை மிச்சம் இருந்தது. பழைய படத்தை யார் யாருக்கு அனுப்பியிருந்தேனோ, அவர்கள் அனைவருக்கும் புதிய படத்தை அனுப்பி, முன்னதை அழித்துவிடுமாறு கேட்டுக்கொண்டேன். இக்கட்டுரையைப் படிக்கும் வாடிக்கையாளர்கள் தம் கைப்பேசியில் உள்ள விளம்பரப் படம் ஒன்றை இன்றே எடுத்து, அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது, அந்த விடை சரியா என்று ஒருமுறை பார்க்கும்படி வேண்டுகிறேன்.